வயிறு ஒரு வாடகை வீடு

சிரிப்பீங்கண்ணே. நான் கேரண்டி. இந்த பஸ் மாட்டுத்தாவணி போய்ச் சேருறதுக்குள்ள நீங்க விலா எலும்பைப் புடிச்சுக்கிட்டு சிரிக்கலைன்னா என் பேரு யுகேந்திரன் இல்ல. ஆனா இப்ப இல்ல. வெடியை முதல்லயே வெடிச்சிட்டா திரியை யாரு பாப்பாங்க? கொஞ்சம் பொறுங்க.

அந்த முழங்கையை மட்டும் இந்தப் பக்கம் ஊன்றாதீங்க. மடியில கேன் இருக்கு. இல்லண்ணே, நல்லெண்ணெய் இல்ல. லேபிள் அப்படித்தான் இருக்கும். என்னன்னு அப்புறம் சொல்றேன். மூடி இறுக்கமாத்தான் இருக்கு, பயப்படாதீங்க.

இட்லியா? வேணாம்ணே, நீங்க சாப்பிடுங்க. மிளகாப்பொடி தடவினதுதானே? திறக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. எள்ளு வறுத்துப் போட்டிருக்காங்க வீட்டுல. பூண்டு ரெண்டு பல்லு. இலை வாடின வாசனைகூட வருது. மூடிருங்கண்ணே. தயவுசெஞ்சு மூடிருங்க. நான் ஏன் சாப்பிட மாட்டேங்கிறேங்கிறதும் கதையிலதான் வருது.

முதல்ல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. நான் யாரு குரல்ல வேணாலும் பேசுவேன். இருங்க, காட்டறேன். "ஏ பச்சைச் சட்டை, படியில என்ன மாப்பிள்ளை ஊர்வலமா போற? உள்ள ஏறி வாய்யா, உள்ள ஊரே காலியா கிடக்கு!" பாத்தீங்களா, பச்சைச் சட்டை உள்ள வந்துருச்சு. கண்டக்டரு அவர் வாயை அவரே தொட்டுப் பாத்துக்கறாரு. எங்க ஸ்கூல்ல ஒரு நாள் மைக் ரூமுக்குள்ள புகுந்து, ஹெட்மாஸ்டர் குரல்ல, "மாணவச் செல்வங்களே, மதியம் விடுமுறை"ன்னு சொன்னேன். மொத்தப் பள்ளிக்கூடமும் காலி. பி.டி. சார்தான் முதல் ஆளா சைக்கிளை எடுத்தாரு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. குரல் பாதிதான். எதிராளி எதைக் கேக்கக் காதைத் தீட்டி வெச்சிருக்காங்களோ அதைச் சொல்லணும். ஆசைப்படுறதைச் சொன்னா நம்புவாங்க. பயப்படுறதைச் சொன்னா இன்னும் சீக்கிரம் நம்புவாங்க. குரல் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாக்கூட அவங்களே மனசுக்குள்ள சரி பண்ணிக்குவாங்க. நமக்குப் பாதி வேலை மிச்சம்.

இப்ப கதை. கதைன்னா எங்க இந்திராணி அத்தை. அப்பா கூடப் பொறந்த அக்கா. அப்பாவும் அம்மாவும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காங்க. நான் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் அருப்புக்கோட்டையில அத்தை வீட்டுல. அத்தைக்குப் பிள்ளை குட்டி இல்ல, மாமாவும் போயிட்டாரு. நானும் அத்தையும் மட்டும்தான்.

அத்தை எப்படி இருக்கும்னு கேளுங்க. கேளுங்கண்ணே! ஷேர் ஆட்டோவில அத்தை ஏறிட்டா அப்புறம் அது ஷேர் ஆட்டோ இல்ல, வெறும் ஆட்டோ. பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து எந்திரிச்சா சேரும் கூடவே எந்திரிக்கும். நான் பின்னாடியே போய், கல்யாண வீட்டு மைக்காரன் குரல்ல, "சேரை எடுத்துச் செல்பவர்கள் மேடைக்கு வரவும்"னு சொல்லுவேன். அத்தையும் சிரிக்கும். சிரிச்சா அது ஓய இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகும், உடம்பு பூராப் போய்ச் சேரணும்ல.

வேலை என்னன்னா டெலிபோன் எக்ஸ்சேஞ்சு. அந்தக் காலத்துல டிரங்க் கால் போட்டுக் குடுப்பாங்களே, காதுல மாட்டிக்கிட்டு, அந்த சீட்டு. சாகுற வரைக்கும் ஊர்க்காரங்க குரல் எதுவும் மறக்காதுன்னு பீத்திக்கும். அதுமட்டுமா, சூப்பர்வைசரம்மா குரல்ல பேசி ஒரு லைன்மேனை அடை மழையில கம்பத்துல ஏத்தி, சாயங்காலம் வரைக்கும் இறங்க விடாம வெச்சிருந்துச்சாம். அந்த ஆளு அத்தை ஜடையைப் புடிச்சு இழுத்தவனாம். நான் நம்பல. வயசானா எல்லாரும் இப்படித்தானே, தாங்களும் ஒரு காலத்துல பெரிய ஆளுன்னு. அப்படிப்பட்ட காதையே ஏமாத்தினவன்ணே நான். அதுதான் கதை.

அத்தைக்கு சர்க்கரை. ரெண்டு வேளையும் இன்சுலின் ஊசி. போன வருஷம் கால்ல ஒரு புண்ணு வந்து, ஆறவே மாட்டேன்னு அடம் புடிச்சு, ஒரு வழியா ஆறுச்சு. அதுக்கப்புறம் மதுரையில டாக்டர் பிரமிளாகிட்ட போனோம். அந்தம்மா பேசுறதைக் கேக்கணும் நீங்க. தந்தி. ஒரு வார்த்தை அதிகமா வராது. "இந்திராணி. உக்காருங்க. காலைக் காட்டுங்க. இங்க குத்தறேன், தெரியுதா? தெரியல. சரி."

அப்புறம் சொன்னாங்க: "உடம்பு இறங்கணும். சாதாரணமா இறங்கினாப் பத்தாது. ஒரு நாளைக்கு எண்ணூறு கலோரி. மூணு வேளையும் நான் குடுக்கிற பவுடர், தண்ணியில கலந்து. ஒரு கிண்ணம் காய். எட்டு வாரம். ஊசியை நான் குறைச்சுக்கிட்டே வருவேன், நிறுத்தவும் செய்வேன். ஆனா இந்தச் சாப்பாட்டுக்குத்தான் அந்த மருந்து. சாப்பாட்டை மாத்தினா என்கிட்ட சொல்லணும். வாரா வாரம் வந்து ரத்தம் குடுக்கணும். இதை வீட்டுல தானா யாரும் செய்யக் கூடாது, நான் சொல்றேன், நான் பாத்துக்கறேன், அதனால செய்யலாம். இன்னொரு புண்ணு வந்தா ஆறாது. நாக்கா, காலா? நீங்க முடிவு பண்ணுங்க. அடுத்த ஆளு."

எப்படி? டாக்டரம்மா கண்ணு முன்னாடி வந்துட்டாங்கல்ல?

வீட்டுக்கு வந்தா பக்கத்து வீட்டு பாக்கியத்தாய். அது ஒரு குரலுண்ணே, தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி. "எண்ணூறா? அடி இந்திராணி, எங்க வீட்டுச் சேவல் அதைவிடக் கூடத் திங்கும்டி! பட்டினி போட்டு ஆளைக் கவுத்துட்டு, அப்புறம் சத்துக்குன்னு பாட்டில் ஏத்துவாங்க. எங்க நாத்தனா ஒருத்தி இப்படித்தான் மெலியிறேன் மெலியிறேன்னு போய்..." அதுக்கு மேல சொல்லாது. நாத்தனா என்ன ஆனாங்கன்னு இன்னை வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆனா அத்தைக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு.

அத்தை ரெண்டு நாள் காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அப்புறம் என்னைக் கேட்டுச்சு. "யுகா, நீ படிச்ச புள்ள. நீ என்னடா சொல்ற? டாக்டர் பேச்சைக் கேக்கவா, வேணாமா?"

"டாக்டர் சொன்னா கேக்கணும் அத்தை"ன்னேன். நான்தான்ணே சொன்னேன். நல்ல புள்ளையாத்தான் சொன்னேன். அப்ப எனக்கு ஒண்ணு தோணல. அத்தை சாப்பிடலைன்னா அடுப்பும் எரியாது.

"சமைச்சா வாசனை வரும், வாசனை வந்தா நான் விழுந்துருவேன்டா ராசா. எட்டு வாரம் பொறுத்துக்க"ன்னு சொல்லிட்டு, கறிச்சட்டியைக் கழுவிப் பரண்ல ஏத்திருச்சு. எனக்கு என்ன? தயிர்சாதம். காலையில கஞ்சி, மதியம் தயிர்சாதம், ராத்திரி மதியத்து தயிர்சாதம். எங்க அத்தை கை ருசி தெரியாதுண்ணே உங்களுக்கு. அது வைக்கிற மட்டன் சுக்காவுக்கு எங்க தெரு நாய்ங்க எல்லாம் வாசல்ல வரிசை கட்டி, கடிச்சுக்காம நிக்கும். அப்படிப்பட்ட வீட்டுல எனக்கு ஊறுகாய். இவங்க கொழுப்பைக் கரைக்க நான் ஏன் காயணும்? நியாயம் சொல்லுங்க.

அத்தை என்னமோ பிடிவாதமா நின்னுச்சு. முதல் வாரம் அழுதுச்சு. ரெண்டாவது வாரம் அழுதுக்கிட்டே பவுடர் குடிச்சுச்சு. அப்புறம் அழுகையும் நின்னுபோச்சு. ஜாக்கெட் எல்லாம் தொளதொளன்னு ஆச்சு. டாக்டரம்மா ஊசியைப் பாதியாக்கி, அப்புறம் ஒரேயடியா நிறுத்திட்டாங்க. ஊசி இல்லாத முதல் நாள் அத்தை சொக்கநாதசாமி கோயிலுக்கு நடந்தே போய்த் தேங்காய் உடைச்சுட்டு வந்து, "யுகா, நடந்தே போனேன்டா, நடந்தே வந்தேன்டா"ன்னு வாசப்படியில உக்காந்து சொல்லிச்சு. நான், "தேங்காயை என்ன பண்ணுன? சட்னி கிட்னி உண்டா?"ன்னு கேட்டேன். இல்லையாம். கோயில்லயே குடுத்துருச்சாம்.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன்.

அப்பாவோட பழைய சிம் ஒண்ணு என்கிட்ட கிடந்துச்சு. மொட்டை மாடிக்குப் போய், மூக்கை லேசா அடைச்சுக்கிட்டு, "இந்திராணி. டாக்டர் பிரமிளா. இது என் சொந்த நம்பர். இனிமே இதுல மட்டும் பேசுங்க." கீழ அத்தை எந்திரிச்சு நின்ன சத்தம் மாடிக்குக் கேட்டுச்சுண்ணே! போன்ல பேசும்போது டாக்டருக்கு மரியாதையாம்!

"ரிப்போர்ட் பிரமாதம். ஆனா ரொம்ப வேகமா இறங்குது. அதுவும் ஆபத்து. ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லா சாப்பிடுங்க. கறி, மீன், எல்லாம். வயிறு ஒரு வாடகை வீடும்மா, சும்மா பூட்டி வைக்கக் கூடாது."

இந்தக் கடைசி வரி எப்படி? டாக்டரம்மாவை அடிச்சுக் கேட்டாலும் இப்படியெல்லாம் பேச மாட்டாங்க. அது என் சொந்தச் சரக்கு. பாத்ரூம்ல பிரஷ்ஷை வாயில வெச்சுக்கிட்டு யோசிச்சுப் புடிச்சேன். வெறுமனே காப்பியடிச்சா அது கிளி செய்யுற வேலை. நம்ம கைச்சரக்கு ஒண்ணு சேத்தாத்தான்ணே கலை. ஒவ்வொரு தடவையும் போனை வைக்கிறதுக்கு முன்னாடி அதைச் சொல்லித்தான் வைப்பேன். முத்திரை குத்துற மாதிரி.

அத்தை, "நிஜமாவா டாக்டர்?"ன்னுச்சு. அப்புறமும், "நிஜமாவா டாக்டர்?" குரலே குழந்தை மாதிரி ஆயிருச்சு. "ஊசிதான் நிறுத்திட்டீங்களே டாக்டர், சாப்பிட்டா ஏறிடாதா?"ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க பாப்போம். "நான் இருக்கேன்ல? நான் பாத்துக்கறேன்."

பரண்லேர்ந்து கறிச்சட்டி இறங்குச்சுண்ணே! அந்த ஞாயித்துக்கிழமையை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். சுக்கா, குடல் குழம்பு, எலும்பு ரசம். அத்தை முதல் வாய் வெச்சதும் கண்ணுல தண்ணி. "டாக்டரம்மா தெய்வம்டா"ன்னுச்சு. நானும், "ஆமா அத்தை, தெய்வம்"னு எலும்பை உறிஞ்சிக்கிட்டே சொன்னேன்.

அப்புறம் ஞாயிறு மட்டும் போதுமா? புதன்கிழமை ஒண்ணு. "தசை கரையுது இந்திராணி, மீன் சேருங்க." அப்புறம் தினமும். எனக்கு நாக்கு கருப்பட்டி மிட்டாய்க்கு அலைஞ்சுச்சு. "கருப்பட்டியில இரும்புச்சத்து, கணக்குல சேராது." சர்க்கரை பாக்குற மிஷினை பீரோவுல வெச்சுப் பூட்டச் சொல்லிட்டேன். "மிஷினைப் பாத்து மனசைக் கெடுத்துக்காதீங்க." மதுரைக்கு ரத்தம் குடுக்கப் போகணும்ல, அதுக்கு, "நான் டெல்லியில மாநாட்டுல இருக்கேன். வந்ததும் நானே கூப்பிடறேன்." டெல்லின்னதும் அத்தை இன்னும் வேகமாப் பேசுச்சு, எஸ்.டி.டி. காசு ஏறும்னு.

பாக்கியத்தாய் எட்டிப் பாத்து, "என்னடி, எண்ணூறு இம்புட்டு வாசமா இருக்கு?"ன்னு கேட்டுச்சு. அத்தை, "டாக்டர் சொல்லித்தான்டி"ன்னு கெத்தா சொல்லிச்சு. "அப்ப அந்த டாக்டர் நல்ல டாக்டர்"னு பாக்கியத்தாயும் ஒரு கிண்ணம் வாங்கிட்டுப் போச்சு.

காரியாபட்டி தாண்டிட்டோமா? இன்னும் நேரம் இருக்கு. இதோ வந்துட்டேன், சிரிப்புக்கு வந்துட்டேன்.

அத்தை ரப்பர் செருப்புல ஏதோ சின்ன ஆணி. கால்ல உணர்ச்சிதான் இல்லையே, குத்தினது தெரியல. எத்தனை நாள் குத்துச்சோ. ஒரு நாள் நான் கூடத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், ஏதோ நாத்தம் வருது. கருவாடா அத்தைன்னு கேட்டேன். "இல்லையேடா"ன்னு அதுவும் மோந்து மோந்து தேடுது. சமையக்கட்டுல தேடுது, கொல்லையில தேடுது. எங்க போனாலும் நாத்தம் கூடவே வருதுன்னுச்சு! கடைசியில பாத்தா அத்தை கால் சுண்டு விரல். கரிக்கட்டை.

மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினோம். இப்ப கவனமாக் கேளுங்க, இங்கதான் இருக்கு. டாக்டரம்மா சர்க்கரையைப் பாத்துட்டு, "இந்திராணி! யாரு உங்களைச் சாப்பிடச் சொன்னது?" அத்தை படுத்த படுக்கையா, கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு, "நீங்கதான டாக்டர்"னுச்சு! "நானா?" "ஆமா டாக்டர், நீங்கதான போன்ல, டெல்லியிலேர்ந்து." "நான் டெல்லிக்கே போகலையே!" அத்தை மூஞ்சியைப் பாக்கணுமே நீங்க! டாக்டர் மூஞ்சியைப் பாக்கணுமே! ரெண்டு பேரும் மாறி மாறி, "நீங்கதான?" "நானா?" "நீங்கதான?" "நானா?"

...

என்னண்ணே, சிரிக்கலை?

இதுதான்ணே சிரிப்பு. இதுக்குத்தான் இவ்வளவு நேரம் திரி புடிச்சேன். நான் அங்க ஃபேனை அண்ணாந்து பாத்துக்கிட்டு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, எப்படித்தான் சிரிப்பை அடக்கினேனோ. நீங்க என்னன்னா இலையை மடிச்சு வெச்சுட்டு ஜன்னலைப் பாக்குறீங்க. எடுத்தது சுண்டு விரல்தான்ணே. ஒண்ணே ஒண்ணு. செருப்பு போட்டா தெரியவே தெரியாது. நடை கொஞ்சம் சாயுது, அவ்வளவுதான். முன்னாடி ரெண்டு பக்கமும் சாயும், இப்ப ஒரு பக்கம்.

சரி விடுங்க. உங்களுக்கு நகைச்சுவை கம்மி.

டாக்டரம்மா, "யாரோ ஏமாத்தியிருக்காங்க, போலீஸ்ல சொல்லுங்க"ன்னாங்க. அத்தை போனை எடுத்துக் கொஞ்ச நேரம் அந்த நம்பரையே பாத்துச்சு. அப்புறம் தலையைத் திருப்பி என்னைப் பாத்துச்சு. "ராங் நம்பர் டாக்டர். விடுங்க"ன்னு கண்ணை மூடிக்கிச்சு. எக்ஸ்சேஞ்சு புத்தி பாருங்க, விரலே போனாலும் ராங் நம்பர்தான்! தப்பிச்சேன்டா சாமின்னு நான் கேன்டீன்ல போய் ரெண்டு வடை தின்னேன்.

அந்த ஆசுபத்திரியில கூட இருக்கிறவங்களுக்கும் விரல்ல குத்தி ரத்தம் பாக்குறாங்க. எனக்கும் அத்தை கட்டில் பக்கத்துலயே வெச்சுப் பாத்தாங்க. நர்ஸ் நல்லா இருக்குன்னுதான் சொல்லிச்சு. அப்படித்தான் நானும் நெனச்சேன்.

அத்தை வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழிச்சு, ஒரு மத்தியானம் எனக்கு போன். லேண்ட்லைன் நம்பர். இந்தக் காலத்துல லேண்ட்லைன்லேர்ந்து பேசுறவங்க ரெண்டே வகைதான்ணே, டாக்டருங்க, இல்லைன்னா டெலிபோன் ஆபீஸ்காரங்க. அதனால எடுத்த உடனே எழுந்து நின்னுட்டேன். வீட்டுல யாரும் இல்ல. அத்தை பென்ஷன் விஷயமா பழைய எக்ஸ்சேஞ்சுக்கு ஆட்டோவுல போயிருந்துச்சு.

"யுகேந்திரன். டாக்டர் பிரமிளா. தனியா இருக்கியா? சரி. உன் ரத்தம் முழுசாப் பாத்தாச்சு. வெளியில ஒல்லி. உள்ள கொழுப்பு. வயசுக்கு மீறின கொழுப்பு. இப்பவே கரைக்கணும். இல்லைன்னா அத்தை கதிதான்."

எனக்குக் காலெல்லாம் மரத்துப்போச்சு. நிஜமா. கிள்ளிப் பாத்தேன், தெரியல. "விரலை எடுப்பீங்களா டாக்டர்?"னு கேட்டேன். "எந்த விரல்னு பாக்கணும்"னாங்க.

எண்ணூறு கலோரி. அதே பவுடர். அத்தைகிட்ட மூச்சு விடக் கூடாது, இருக்கிற நெலமையில அதிர்ச்சி தாங்காதாம். இன்னொரு உத்தரவு: சாப்பாட்டு வாசனைக்கு எதிர்ல உக்காந்து நாக்கைப் பழக்கணும், ஓடி ஒளியக் கூடாது. புது வைத்தியமாம். நான் ஏன்னு கேக்கல. டாக்டர்கிட்ட எதிர்க்கேள்வி கேக்க முடியுமா?

இதுக்கு மேல என் கஷ்டத்தைக் கேளுங்க. அன்னைக்குன்னு பாத்து அத்தைக்கு என்ன தோணுச்சோ, கறிச்சட்டியை இறக்கிருச்சுண்ணே! சாஞ்சு சாஞ்சு நடந்துக்கிட்டு, தினமும் எனக்காக சமையல். கோலா உருண்டை, நண்டு ரசம், அயிரை மீன் குழம்பு. தலைவாழை இலையைப் போட்டு, "எனக்காக எத்தனை நாள் தயிர்சாதம் தின்ன, சாப்பிடு ராசா"ன்னு எதிர்லயே உக்காந்துக்கும். அது குடிக்கிறது பவுடர்தான். குடிச்சுக்கிட்டே என் மூஞ்சியைப் பாக்கும். அவ்வளவு பாசம். நான், "வயிறு சரியில்ல அத்தை"ன்னு சொல்லுவேன். "அய்யோ, வாசனையாவது புடிடா"ன்னு கிண்ணத்தை மூக்குக்கிட்ட நீட்டும். அப்புறம் அவ்வளவும் பாக்கியத்தாய் வீட்டுக்குப் போகும். அந்தச் சேவலுக்குக் கூட அயிரை மீன் குழம்புண்ணே!

நான் ராத்திரி திருட்டுத்தனமா அத்தை பவுடரைக் கலக்கிக் குடிப்பேன். டப்பா மளமளன்னு குறையுது, அத்தை ஏன்னு கேக்கவே இல்ல. புது டப்பா வாங்கி முன்னாடியே வெச்சிரும். மறதி வந்துருச்சு பாவம்.

நேத்து பிரேயர்ல தலை சுத்தி விழுந்துட்டேன். குரலும் போச்சுண்ணே. சிங்கம் மாதிரி உறுமினா பூனை வருது. கூடப் படிக்கிறவனுங்க மிமிக்ரி பண்ணுடான்னா, வாயைத் திறந்தா கொட்டாவிதான் வருது. ஆனா அத்தை கதி வரக் கூடாதுல்ல? அந்த விரலை நான் பாத்திருக்கேன். எனக்குத் தெரியும்.

கேனா? சொல்றேன். மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க நான் போன ஒண்ணுக்கு அவ்வளவும் இதுக்குள்ளதான். டாக்டரம்மா கேட்டாங்க. தள்ளி உக்காராதீங்கண்ணே, மூடி இறுக்கம்தான்! ஒரு சொட்டு வீணாகக் கூடாதாம், குளிர்ச்சியா வைக்கணுமாம். ஃப்ரிட்ஜுக்குள்ள எப்படி வைக்கிறதுன்னு முழிச்சேன். அன்னைக்குன்னு பாத்து அத்தை அடித்தட்டைக் கழுவிக் காலியா வெச்சிருந்துச்சு. அதிர்ஷ்டம்! கேனும் அத்தைதான் குடுத்துச்சு. "எதுக்குடா?" "கெமிஸ்ட்ரி ப்ராஜெக்ட் அத்தை." "வாய் வரைக்கும் ரொப்பு ராசா, பாதியில விட்டா மார்க் போயிரும்"னுச்சு. என்ன தெரியும் அதுக்கு!

இன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ்னு பொய் சொல்லிட்டுக் கிளம்பினேன். வாசல்ல கேட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னு கையாட்டுச்சு, தெரு முனை திரும்புற வரைக்கும். சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு. உடம்பு இளைச்சுட்டதால இப்பல்லாம் சிரிப்பு சீக்கிரம் ஓஞ்சிருது. இன்னைக்கு மட்டும் ஓயவே இல்ல.

வலையங்குளம் வந்துருச்சு. எறங்கறதுக்குள்ள உங்களுக்கு டாக்டரம்மா குரலை முழுசா ஒரு தடவை காட்டிடறேன், சிரிக்க வெக்க முடியாத கடனுக்கு. நேத்து சாயங்காலம், அத்தை மறுபடியும் பென்ஷன் விஷயமாப் போயிருந்தப்ப பேசினது, வார்த்தை மாறாம. தொண்டை கொஞ்சம் காஞ்சிருக்கு, மன்னிச்சுக்கங்க.

"யுகேந்திரன். டாக்டர் பிரமிளா. நாளைக்குக் காலையில வா. வெறும் வயிறு. கேன் மறக்காதே. பஸ்ல கீழ வைக்காதே, மடியில வெச்சுக்க. பக்கத்துல யாராவது சாப்பிட்டா பாத்துக்கிட்டே வா, நல்லது. பசி தாங்கணும். வயிறு ஒரு வாடகை வீடு தம்பி, கொஞ்ச நாளைக்குப் பூட்டித்தான் வையேன்."

எப்படி? அச்சு அசல்ல?

ஏண்ணே சிரிக்கிறீங்க?

அண்ணே. இது சிரிக்கிற எடம் இல்லண்ணே, என் உசிரு போற எடம். அண்ணே, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. மெதுவா. கேன் ஆடுது. தண்ணி குடிங்க. என்ன? திரும்பச் சொல்லணுமா? எதை, கடைசி வரியையா? "வயிறு ஒரு வாடகை வீடு தம்பி"...

ஆமா, டாக்டரம்மாதான் சொன்னாங்க. லேண்ட்லைன்ல. வேற யாரு சொல்லுவா?

டாக்டரம்மாதான்...

இல்ல. அது நான்... பிரஷ்ஷை வாயில வெச்சுக்கிட்டு...

ராங் நம்பர்னு சொல்லும்போது அத்தை என்னைத்தாண்ணே பாத்துச்சு.

சிரிக்காதீங்கண்ணே.